பூட்டை நம்பாத மேரி கார்ப்பெண்டர்

குற்றம் செய்த சிறுவனை வயது வந்தோருக்கான சிறைக்கு அனுப்பக் கூடாது, அவனுக்கெனத் தனி நீதிமுறையும் தனி இல்லமும் வேண்டும் என்ற கருத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால், சட்டம் இந்தக் கருத்தை ஏற்று இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஏழு வயதைக் கடந்த குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம். ரொட்டி திருடிய சிறுவனும் தேர்ந்த வழிப்பறிக்காரனும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த நிலையை மாற்றப் போராடியவர்களில் முதன்மையானவர் மேரி கார்ப்பெண்டர்.

அவர் நான்கு முறை இந்தியா வந்தவர். சென்னையையும் பார்த்தவர். செங்கல்பட்டில் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி தோன்ற வழிவகுத்த சட்டத்துக்குப் பின்னால் அவருடைய இடைவிடாத முயற்சியும் இருந்தது. படப்பை, தாம்பரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் வாழும் நாம் அவரை நினைவுகூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

மேரி கார்ப்பெண்டர் 1807 ஏப்ரல் 3 அன்று எக்ஸிடர் நகரில் பிறந்தார். தந்தை லான்ட் கார்ப்பெண்டர், யூனிடேரியன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் போதகர். 1817இல் குடும்பம் பிரிஸ்டல் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை நடத்திய பள்ளியில் சிறுவர்களுடன் சேர்ந்தே மேரி படித்தார். பெண்களுக்குத் தையலும் இசையும் போதும் என்று கருதப்பட்ட அக்காலத்தில் அவர் இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றைக் கற்றார். 1829இல் தாயுடனும் சகோதரிகளுடனும் சேர்ந்து பெண்களுக்கான பள்ளியொன்றைத் தொடங்கினார்.

1833ஆம் ஆண்டில் பிரிஸ்டலுக்கு வந்த இருவர் அவர் வாழ்வின் திசையை மாற்றினர். ஒருவர் ராஜா ராம்மோகன் ராய். கார்ப்பெண்டர் குடும்பத்துக்கு அறிமுகமான அவர் அவ்வாண்டு செப்டம்பரில் பிரிஸ்டலை அடுத்த ஸ்டேபிள்டனில் காலமானார். இந்தியாவின்மீது மேரிக்கு ஏற்பட்ட ஈடுபாடு அங்கிருந்து தொடங்குகிறது. மற்றொருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளிடையே பணியாற்றிய ஜோசப் டக்கர்மன். அவருடன் மேரி நகரின் ஏழ்மையான தெருவொன்றில் நடந்து சென்றபோது, கந்தலாடை அணிந்த சிறுவன் ஒருவன் அவர்களைக் கடந்து ஓடி ஒரு சந்துக்குள் மறைந்தான். அந்தப் பிள்ளையைப் பின்தொடர்ந்து அவன் வீட்டுக்குச் சென்று அவனைக் கவனிக்க யாரேனும் வேண்டும் என்று டக்கர்மன் கூறினாராம். அச்சொல் மேரியின் நெஞ்சில் தங்கிவிட்டது. 1835இல் ஏழைகளின் வீடுகளுக்கே சென்று உதவும் சங்கம் ஒன்றை அவர் அமைத்தார்.

1840இல் கடற்பயணத்தின்போது தந்தை மூழ்கி இறந்தார். மேரியைப் பெரிதும் வாட்டிய அந்த இழப்புக்குப் பிறகு அவர் முன்னிலும் தீவிரமாகப் பொதுப்பணியில் இறங்கினார். 1846 ஆகஸ்டில் பிரிஸ்டலின் லூயின்ஸ் மீட் பகுதியில் கந்தலாடைப் பள்ளி ஒன்றைத் திறந்தார். வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. தெருவில் அலைந்தவர்களும் ஏற்கெனவே சிறை சென்று திரும்பியவர்களும் அங்கு வந்தார்கள்.

அப்பிள்ளைகளுக்கு அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 1838இல் வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் சிறை சிறுவர்களுக்கென்றே திறக்கப்பட்டது. அவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தது முன்னேற்றம்தான். ஆனால், அந்தச் சிறை நடந்த விதம் வேறு. தொடக்க காலத்தில் சிறுவர்களின் காலில் இரும்பு மாட்டப்பட்டது. ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது விதி. பின்னர் இரும்பு நீக்கப்பட்டாலும், புதிதாக வரும் சிறுவனை மாதக்கணக்கில் தனியறையில் அடைத்து வைத்துச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தனிமையில் விட்டால் மனச்சான்று விழித்துக்கொள்ளும், குற்றவாளி தானே திருந்துவான் என்பது அக்காலச் சிறை அறிஞர்கள் பலரது நம்பிக்கை. 1842இல் திறக்கப்பட்ட லண்டன் பென்டன்வில் சிறை அந்த நம்பிக்கையின்மீதே கட்டப்பட்டது. பெரியவர்களுக்காக வகுத்த அதே முறையைப் பிள்ளைகள்மீதும் சுமத்தினார்கள்.

1851இல் சீர்திருத்தப் பள்ளிகள் குறித்து மேரி எழுதி வெளியிட்ட நூல் பார்க்ஹர்ஸ்ட் சிறையைக் கடுமையாக விமர்சித்தது. காவலும் கட்டளையும் அச்சமும் மட்டுமே நிறைந்த இடத்தில் சிறுவன் அடங்கிப்போவானேயன்றித் திருந்த மாட்டான் என்று அவர் வாதிட்டார். அன்பு செலுத்தவும் நம்பவும் மனிதர்கள் கிடைத்தாலன்றிப் பிள்ளையின் மனம் மாறாது என்பது லூயின்ஸ் மீட் பள்ளி அவருக்குக் கற்றுத்தந்த பாடம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்பவர் 1833இல் தொடங்கிய இல்லம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. அங்கே ஏறத்தாழப் பன்னிரண்டு சிறுவர்கள் ஒரு குடும்பம்போல ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்காமில் இளங்குற்றவாளிகள் குறித்த மாநாடு கூடியது. அதற்கு மேரியின் நூலே தூண்டுகோல். 1852இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் ஒரு பெண் அவ்வாறு சாட்சியம் அளித்தது அரிய நிகழ்வு. இப்பிள்ளைகள் சமூகத்துக்குக் கடன்பட்டவர்கள் என்ற பொதுவான எண்ணத்தை அவர் தலைகீழாக்கினார். அவர்களைப் புறக்கணித்த சமூகமே அவர்களுக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். அவ்வாண்டிலேயே பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளி ஒன்றைத் தொடங்கித் தம் கொள்கையைச் செயலிலும் காட்டினார்.

மாநாடு நடந்த அதே பர்மிங்காமின் சிறையில் 1853 ஏப்ரலில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொண்டான். நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக மூன்று மாதத் தண்டனை பெற்றவன் அவன். பயனற்ற ஓர் இயந்திரப் பிடியை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை சுற்ற வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். அவனால் இயலவில்லை. அதற்காக ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, கைகளை அசைக்க முடியாதபடி இறுக்கும் சட்டையை மாட்டித் தண்டித்தார்கள். அரசு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, சிறையின் கொடுமைகள் வெளிவந்தன. அச்சிறையில் அதுவரை நிகழ்ந்த எதுவும் வெளியே தெரியவில்லை. ஒரு பிள்ளை இறந்த பிறகுதான் கதவு திறந்தது.

1854இல் இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. பதினாறு வயதுக்குட்பட்டோரைச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்ப அது வழிசெய்தது. ஆயினும், பள்ளிக்கு அனுப்புமுன் குறைந்தது பதினான்கு நாள் சிறையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இடம்பெற்றது. முதலில் தண்டனை, பிறகு திருத்தம் என்பது சட்டமியற்றியோரின் கணக்கு. சில நாள் சிறைவாசமே ஒரு குழந்தையின் மனத்தில் ஆறாத வடுவை ஏற்படுத்தும் என்று மேரி அதைத் தொடர்ந்து எதிர்த்தார். அந்த நிபந்தனை 1899இல்தான் முற்றிலுமாக நீக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1854இலேயே கவிஞர் பைரனின் மனைவியின் பொருளுதவியுடன் பிரிஸ்டலின் ரெட் லாட்ஜ் என்னும் பழைய மாளிகையில் சிறுமிகளுக்கான சீர்திருத்த இல்லத்தை மேரி தொடங்கினார். தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதை மேற்பார்வை செய்தார். அங்கு எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. சிறுமிகள் ஓடிப்போனார்கள், கலகம் செய்தார்கள். அங்கும் தண்டனைகள் இருந்தன. நல்ல பணியாளர்களைக் கண்டுபிடிப்பதும் அவர்களைத் தக்கவைப்பதும் பெரும்பாடாக இருந்தது. அன்பு என்பது சொல்வதற்கு எளிது. ஆண்டு முழுவதும், நாள் முழுவதும், முரண்டு பிடிக்கும் பிள்ளைகளிடம் அதைக் காட்டப் பொறுமையும் ஆள்பலமும் வேண்டும். திருமணம் செய்துகொள்ளாத மேரி, 1858இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் தத்தெடுத்து வளர்த்தார்.

பொருளியல் படித்த எனக்கு மேரியின் எழுத்துகளில் பிடித்த பகுதி அவருடைய கணக்கு. சீர்திருத்தப் பள்ளி செலவு மிக்கது என்று அன்றைய அரசியல்வாதிகள் தயங்கினார்கள். ஒரு சிறுவனை மீண்டும் மீண்டும் கைது செய்து, விசாரித்து, சிறையில் வைத்து, கடைசியில் கடல்கடத்தும் செலவை எல்லாம் கூட்டிப் பார்க்கச் சொன்னார் மேரி. அவன் திருடும் பொருளின் மதிப்பையும் அதனுடன் சேர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பள்ளிதான் மலிவு. இன்றைய செலவை மட்டும் கணக்கிட்டு நாளைய செலவை மறைக்கும் வரவு செலவுத் திட்டங்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. அவற்றை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் கண்டவர் அவர்.

1866இல், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், மேரி முதன்முறையாக இந்தியா வந்தார். பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களில் பள்ளிகளையும் சிறைகளையும் பார்வையிட்டார். பெண்கல்வி, பெண் ஆசிரியர் பயிற்சி, சிறைச் சீர்திருத்தம், சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஆகியவை குறித்துத் தலைமை ஆளுநருக்கு எழுதினார். 1868, 1869, 1875 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் புறப்பட்டு வந்தார். இதற்கிடையில் 1870இல் பிரிஸ்டலில் தேசிய இந்தியச் சங்கத்தை நிறுவினார். ஆள்வோரின் நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் அவருடைய பார்வைக்கும் எல்லைகள் இருந்தன. இந்தியரின் வறுமைக்கு ஆட்சி எந்த அளவு காரணம் என்ற கேள்வியை அவர் அழுத்தமாக எழுப்பவில்லை. எனினும், இந்தியச் சிறைகளில் பெரியவர்களோடு அடைபட்டிருந்த சிறுவர்களைக் கண்டு அதைப் பற்றி அவர் பேசாமல் இருக்கவில்லை.

1876இல் இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 1877 ஜூன் மாதத்தில், பிரிஸ்டலில் உறக்கத்திலேயே மேரியின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது.

அவர் தூண்டிய சட்டம் நம் மண்ணில் என்னவாயிற்று? சென்னை மாகாணத்தில் அச்சட்டத்தின் வழியில் அமைந்த சீர்திருத்தப் பள்ளிக்குச் செங்கல்பட்டு இடமாயிற்று. 1897இல் அச்சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. விடுதலைக்குப் பின் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டங்கள் வந்தன. பெயர்களும் மாறின. சீர்திருத்தப் பள்ளி இன்று சிறப்பு இல்லம். விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். குற்றவாளி என்ற சொல்லுக்கு மாற்றாகச் சட்டத்துடன் முரண்பட்ட சிறார் என்கிறோம். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று.

2022 டிசம்பர் இறுதியில் தாம்பரத்தைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன், ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரியைத் திருடியதாகக் கைது செய்யப்பட்டு, செங்கல்பட்டு அரசினர் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஓரிரு நாள்களில் அவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். பின்னர், தமிழகம் முழுவதும் உள்ள இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. குழு 2023இல் அறிக்கை அளித்தது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. படப்பையிலிருந்தும் அதிகத் தொலைவில்லை. அவ்வளவு அருகில் இருந்தும் அந்தச் சுவர்களுக்குள் நடப்பது நமக்குத் தெரியவில்லை. 1853 பர்மிங்காமைப் போலவே இங்கும் ஒரு பிள்ளை இறந்த பிறகுதான் கதவு திறந்தது. அங்கே மாட்டிறைச்சி, இங்கே பேட்டரி. மேரியை இந்த வட்டாரத்து மக்கள் நினைவுகூர வேண்டும் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

அடி என்பது கொடுமையின் ஒரு வடிவம். மற்றொரு வடிவம் தனியறைப் பூட்டு. அடித்தால் உடலில் தழும்பு இருக்கும், மருத்துவர் கண்டுபிடிப்பார். பூட்டி வைத்தால் எந்த அடையாளமும் இராது. அதனாலேயே அது எளிதில் மறைகிறது. நியூயார்க்கில் 2010இல் பை ஒன்றைத் திருடியதாகக் கைதான பதினாறு வயதுச் சிறுவன், வழக்கு விசாரணைக்கே வராமல் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தான். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. வழக்கு கைவிடப்பட்டு வெளியே வந்தவன் 2015இல் தற்கொலை செய்துகொண்டான். அதன் பிறகே, 2016இல், அமெரிக்க நடுவண் சிறைகளில் சிறாரைத் தனிமையில் அடைப்பதற்கு அதிபர் ஒபாமா தடை விதித்தார்.

ஐக்கிய நாடுகள் அவை 1990இல் ஏற்ற விதிகள் சிறாருக்குத் தனிமைச் சிறையும் இருட்டறையும் கூடாது என்கின்றன. 2015இல் ஏற்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகள், மனிதத் தொடர்பின்றி நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைப்பதே தனிமைச் சிறை என்று வரையறுக்கின்றன. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் 1978இலேயே, சிறை அதிகாரிகள் தம் விருப்பப்படி ஒருவரைத் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பெரியவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

தனிமை மனிதனைத் திருத்தும் என்று இன்று எந்த அறிஞரும் சொல்வதில்லை. இருந்தும், உலகின் பல சிறார் இல்லங்களில் அது ஏன் நீடிக்கிறது? என் கருத்தில் இதற்கான விடை உளவியலைவிடப் பொருளியலில்தான் இருக்கிறது. பூட்டுக்குச் சம்பளம் இல்லை. இரவுப் பணிக்கு இருவர் வேண்டிய இடத்தில் ஒருவரே இருந்தால், முரண்டு பிடிக்கும் சிறுவனைச் சமாளிக்க அவருக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: ஒன்று அடி, மற்றொன்று பூட்டு. உட்கார்ந்து பேச நேரமில்லை, பேசத் தெரிந்த ஆற்றுப்படுத்துநரும் அருகில் இல்லை. ஆள்பற்றாக்குறை எங்கே இருக்கிறதோ அங்கே பூட்டு வந்து உட்காரும். தனிமனிதரின் கொடுமனம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அப்படிப்பட்டவர்களை நீக்கிவிட்டு அதே பற்றாக்குறையை அப்படியே வைத்தால், அடுத்து வருபவரும் அதே பூட்டைத்தான் தேடுவார்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இன்று போய்ப் பார்த்தால் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வரிசையாக நிற்கின்றன. ஒரகடத்தின் வளர்ச்சி நம் மாநிலத்தின் பெருமை. பிரிஸ்டலும் அக்காலத்தில் செல்வம் கொழித்த துறைமுக நகரமே. அந்தச் செல்வத்தின் நிழலில்தான் லூயின்ஸ் மீட் இருந்தது. வேலை தேடி வந்த குடும்பங்கள், பகலில் ஆளில்லாத வீடுகள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், பழைய இரும்புக்கும் பேட்டரிக்கும் காசு கொடுக்கும் கடைகள் என எல்லாம் நம் புறநகர்களிலும் உள்ளன. ஒரு சிறுவன் முதல் தவறைச் செய்வதற்குத் தேவையானவை அனைத்தும் இங்கே இருக்கின்றன. அதைத் தடுக்கக்கூடிய மனிதர்கள்தாம் குறைவாக இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை அரிதான செயல்கள் அல்ல. இல்லங்களில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். இரவுப் பணிக்குப் போதிய ஆட்கள் வேண்டும். எந்தச் சிறுவனையும் எக்காரணத்துக்காகவும் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தால், எத்தனை மணிக்கு, ஏன், யார் ஆணையால் என்பதைப் பதிவேட்டில் எழுதி, உடனடியாக இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிரித்து வைக்கும் நேரத்திலும் அவன் அருகில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லங்களை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அந்த ஆய்வு, அலுவலக அறையில் தேநீரோடு முடிந்துவிடாமல் ஒவ்வொரு அறையின் கதவுவரை செல்ல வேண்டும். சிறுவனைக் கொண்டுவந்த முதல் நாளிலேயே பெற்றோரைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். முதல் பதினான்கு நாள்களைக் குறித்து மேரி ஏன் அவ்வளவு வாதாடினார் என்பதை, ஓரிரு நாளில் உயிரிழந்த தாம்பரத்துச் சிறுவனை எண்ணினால் நாம் புரிந்துகொள்ளலாம்.

கெட்ட சேர்க்கையிலிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டும் என்று மேரி கார்ப்பெண்டர் கேட்டார். மனிதர்களிடமிருந்தே அவனைப் பிரிக்கச் சொல்லவில்லை. சட்டம் முதல் பாதியை ஏற்றுக் கட்டடங்களைக் கட்டியது. மறுபாதிக்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்கு ஊதியம் வேண்டும், பொறுமை வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் சிறார் இல்லங்களுக்கான தொகையைப் பார்க்கும்போது, அதில் சுவருக்கு எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும். 1852இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்திருந்த அந்தப் பெண்மணி எழுப்பியதும் ஏறத்தாழ இதே கேள்விதான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு), படப்பை.